காரணம்: கவனக்குறைவு

ஜனவரி 19, சனி

இது வக்கீல் ஒருவர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. கடையில் சும்மா கிடந்ததை ரஹமத் அக்கா இன்று வீட்டுக்கே எடுத்து வந்தாள். "பேசவும் மாட்டேங்கிற, அழவும் மாட்டேங்கிற. எழுதவாவது செய் சுந்தரி" என்று மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் நானும் அவளும் சேர்ந்து தட்டச்சுக் கடை வைத்து எட்டு வருஷம் ஆகிறது. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், தொலைந்துபோன ரேஷன் கார்டு. ஊரார் சொல்வதை மனுவாக்கித் தருவது எங்கள் வேலை. எனக்கென்று ஒன்று எழுத உட்கார்ந்தால் கை "பெறுநர்" என்று தொடங்கப் போகிறது.

அவர் செத்துப் பத்து நாள். செத்து என்று எழுதினால் மாமியாருக்குப் பிடிக்காது. தெருமுனைப் போஸ்டரில் "அகால மரணமடைந்தார்" என்று போட்டிருக்கிறார்கள். ஆலையிலிருந்து வந்த மாலையில் "இயற்கை எய்தினார்" என்று ரிப்பன். பதினெட்டு மீட்டர் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழுந்த மனுஷன் எந்த இயற்கையை எய்தினார்?

கலியமூர்த்தி, வயது நாற்பத்து மூன்று. சிமென்ட் ஆலையில் ஃபிட்டர், பதினான்கு வருஷம் கான்ட்ராக்டில். ஜனவரி 9, புதன்கிழமை, காலை பத்தே முக்காலுக்குச் செத்தார்.

ஜனவரி 21, திங்கள்

துக்கம் கேட்க இன்று பதினேழு பேர். பதினேழு பேரும் "எப்படிம்மா ஆச்சு" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் பதில் சொல்லிவிடுகிறார்கள். "கால் தவறிடுச்சாம்." பிறகு வந்தவர்கள் வெளியே போய் போனில், "நம்ம கலியமூர்த்தி தவறிட்டாராம்" என்கிறார்கள்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு வசதியாக இருக்கிறார்கள். செத்தாலும் தவறிவிட்டார், தப்புச் செய்தாலும் தவறிவிட்டார். கேட்கிறவன் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 25, வெள்ளி

நேற்று கருமாதி முடிந்தது. பந்தியில் அவருடைய சித்தப்பா மகன் உட்கார்ந்து, "அவன் சின்னப் புள்ளையிலேருந்தே அப்படித்தான். பராக்குப் பார்த்துக்கிட்டே நடப்பான். ஒருதடவை கிணத்து மேட்டுல..." என்று கதையை ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள், தெரியும்.

நான் பாயசத் தூக்கை அவர் இலைக்குப் பக்கத்தில் ஓங்கி வைத்தேன். அவர் வேட்டியெல்லாம் பாயசம். பதினாறாம் நாள் பெண்டாட்டியை யார் திட்டுவார்கள்?

ஜனவரி 28, திங்கள்

கடைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருக்கிறது.

பதினோரு மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். அவர் தெருவில் மின்கம்பம் சாய்ந்து நிற்கிறதாம், மனு வேண்டும் என்றார். ரஹமத் அக்கா கையில் ஏற்கெனவே மூன்று மனு இருந்தது. "நாளைக்கு வாங்கய்யா, அடிச்சு வைக்கிறேன்" என்றாள். நான் கத்திவிட்டேன். "நாளைக்கு என்ன நாளைக்கு? கம்பம் நாளைக்கு வரைக்கும் நிக்கும்னு உனக்கு எழுதிக் குடுத்திருக்கா?" டீக்கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நானே உட்கார்ந்து அடித்தேன். மூன்று நகல் எடுத்து, எந்தப் பிரிவில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, வாசல் வரைக்கும் கூடவே போய் விட்டு வந்தேன். அக்கா என்னை ஒருமாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு அப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 1, வெள்ளி

வக்கீல் மூலம் போலீஸ் அறிக்கையின் நகல் கிடைத்தது. நான்கு பக்கம். அடித்தவனுக்குத் தட்டச்சு வராது. ஒற்றெழுத்தே கிடையாது.

நடைபாதை நல்ல நிலையில் இருந்ததாம். ஆலை நிர்வாகம் பாதுகாப்புச் சாதனங்கள் அனைத்தும் வழங்கியிருந்ததாம். இறந்தவர் பாதுகாப்புப் பட்டையை மாட்டாமல் நடந்திருக்கிறாராம். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம். "காரணம்" என்று அச்சிட்டிருக்கிறது. அதற்கு எதிரில் ஒரே சொல்: கவனக்குறைவு.

அதற்கு ஆதாரமாகக் கீழே ஒருவர் வாக்குமூலத்தைச் சேர்த்திருக்கிறார்கள். யாருடையது என்று இங்கே எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 4, திங்கள்

எழுதுகிறேன். மூன்று நாளாக வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை.

"இறந்தவர் இயல்பாகவே கவனக்குறைவு உடையவர் என்றும், தான் பலமுறை எச்சரித்தும் அவர் திருந்தவில்லை என்றும் அவரது மனைவி குணசுந்தரி கூறினார்."

நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னேன், ஆனால் அது இல்லை.

ஆஸ்பத்திரி பிணவறைக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினார். "சார் எப்படிம்மா, குடிப்பழக்கம் உண்டா?" என்றார். இல்லை என்றேன். "ஆள் எப்படி?" என்றார். எனக்கு அந்த நேரத்தில் அவருடைய சட்டைதான் கண்ணில் நின்றது. அன்றைக்குக் காலையில் பொத்தானை ஒன்றுவிட்டு ஒன்று போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நிறுத்தி, கழற்றி, சரியாகப் போட்டுவிட்டேன். பிணவறையில் துணியை மூட்டையாகக் கட்டி என்னிடம் கொடுத்தபோது அந்தப் பொத்தானெல்லாம் வரிசையாக இருந்தன. அதனால்தான் சொன்னேன். "அவருக்குக் கவனமே கிடையாதுங்க. தினம் சொல்லுவேன். கேக்கவே மாட்டாரு."

பத்தொன்பது வருஷமாக எங்கள் வீட்டில் அந்தச் சொல் இப்படித்தான் ஓடியது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுவார். எங்கள் மகள் மதியை ஸ்கூலில் விட்டுவிட்டு அவள் பையை வண்டியிலேயே கொண்டுபோய்விடுவார். "கவனமே இல்ல உங்களுக்கு" என்பேன். "அதான் நீ இருக்கியே" என்பார். திட்டு மாதிரி இருக்கும், திட்டு இல்லை. வேறு புருஷன் பெண்டாட்டி வேறு என்னவோ சொல்லிக்கொள்வார்கள். நாங்கள் இதைச் சொல்லிக்கொண்டோம்.

அதை ஒருத்தன் எடுத்துக்கொண்டுபோய் வாலில் "குறைவு" என்று ஒன்றை ஒட்டிக் கட்டத்தில் போட்டுவிட்டான். இதே வேலையை எட்டு வருஷமாக நானும் செய்கிறேன். வந்தவர்கள் அழுதுகொண்டே சொல்வதைக் கேட்டு, "மேற்படி நபர்" என்றும் "மன உளைச்சலுக்கு ஆளானேன்" என்றும் மாற்றிக் கொடுக்கிறேன். அவர்கள் சொன்னது அதுதானா என்று ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

ஆலையிலிருந்து மனிதவள மேலாளர் விஜயராகவன் வந்தார். கூட ஒரு பெண், கையில் பழத்தட்டு. நாற்காலி போட்டேன். காபி வேண்டாம் என்றார்.

"கலியமூர்த்தி எங்க குடும்பத்துல ஒருத்தர்மா" என்றார்.

"எந்த செக்‌ஷன்ல வேலை பார்த்தாருன்னு தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

கூட வந்த பெண்ணைப் பார்த்தார். அவள் காகிதத்தைப் பார்த்தாள். "கன்வேயர்" என்றாள்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஆபீசில் தட்டச்சர் இடம் ஒன்று இருக்கிறது, எனக்குத் தரலாம் என்று மேலிடத்தில் பேச்சு. பெர்மனென்ட். பதினான்கு வருஷம் அவர் வாயில் இருந்த சொல்லை இந்த ஆள் பழத்தட்டோடு கொண்டுவந்து வைக்கிறார். அதற்கு நான் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விபத்துக்கான காரணம் குறித்த அறிக்கையை ஏற்றுக்கொள்கிறேன், மேல்முறையீடு எதுவும் செய்ய மாட்டேன் என்று. அவர்களே அடித்து எடுத்து வந்திருந்தார்கள். நல்ல காகிதம், பிழையில்லாத தமிழ்.

"இன்னொண்ணு. மார்ச் நாலாம் தேதி பாதுகாப்பு வாரம் ஆரம்பிக்குது. நீங்க வந்து குத்துவிளக்கு ஏத்தி, தொழிலாளிங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும். வீட்டுல காத்திருக்கிறவங்க சொன்னா அவங்க மனசுல பதியும். கவனமா இருங்கப்பான்னு ஒரு அம்மா சொல்ற மாதிரி."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு அந்தப் பழங்களை அப்படியே மாட்டுக்குப் போட்டேன். ஆப்பிள்கூட இருந்தது.

பிப்ரவரி 13, புதன்

மதி அந்தப் போலீஸ் நகலைப் படித்துவிட்டாள். பன்னிரண்டாவது படிக்கிறாள், மூன்றாம் பக்கம் புரியாமல் இருக்காது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 17, ஞாயிறு

மாவு அரைத்தேன். மதிக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. தந்தை பெயருக்கு முன்னால் "லேட்" போட வேண்டுமா என்று டீச்சர் கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். என் மகள்தான்.

பிப்ரவரி 20, புதன்

ஆரோக்கியசாமி கடைக்கு வந்தான். அவரோடு ஜோடியாக வேலை பார்த்த பையன். பையன் என்றால் முப்பது வயசு இருக்கும், இரண்டு குழந்தைகள். சாவுக்கு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு முகத்தையே காட்டவில்லை. இன்றைக்கும் ஏதோ சான்றிதழ் அடிக்க வந்தவன் மாதிரி கையில் ஒரு ஆதார் நகலை வைத்துக்கொண்டு நின்றான். ரஹமத் அக்கா புரிந்துகொண்டு டீ வாங்கப் போனாள்.

"அண்ணி, அண்ணன் பெல்ட்டு போட்டிருந்தாரு" என்றான்.

"அறிக்கையில மாட்டலன்னு இருக்கு."

"போட்டிருந்தாரு. மாட்டுறதுக்குத்தான் கம்பி இல்ல. நடக்குற பாதையில ஒரு இரும்புத் தகடு போயி ரொம்ப நாளாச்சு. பலகை போட்டு வச்சிருந்தாங்க. அந்த எடத்துலயே கைப்பிடிக் கம்பியும் கிடையாது. பெல்ட்டோட கொக்கியைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் தாண்டுவோம், எல்லாருமே. அன்னிக்குப் பனியில பலகை ஊறி இருந்துச்சு. அண்ணன் காலை வச்சதும் உடைஞ்சிருச்சு."

"போலீஸ் மேல ஏறிப் பார்த்தாங்களே?"

"அவங்க ஏறினது சாயங்காலம். மத்தியானமே புதுத் தகடு வச்சு கம்பியும் அடிச்சாச்சு. பெயின்ட் காயல. கையில ஒட்டுச்சு அண்ணி."

"நீ ஏன் சொல்லல?"

அவன் ஆதார் நகலை மடித்துக்கொண்டிருந்தான். அடிக்க வேண்டும் போல இருந்தது. நான் விடவில்லை. "நாற்பது நாளா வாயை மூடிக்கிட்டிருந்தியா? உன் அண்ணன்டா அவரு."

"நாலாம் நம்பர் கன்வேயர்ல இன்னும் ரெண்டு தகடு இல்ல அண்ணி" என்றான். "இப்ப என்னை அங்க போட்டிருக்காங்க." டீ வருவதற்குள் போய்விட்டான். ஆதார் நகலை மேசையிலேயே விட்டுவிட்டான்.

ஒரு ஆள் ஒரு ஓட்டையைத் தினம் நான்கு முறை தாண்டுகிறான். போகும்போது, வரும்போது, மழையில், பனியில், கையில் ஸ்பானரோடு. ஒருநாள்கூட விழவில்லை. கடைசி நாள் பலகை உடைகிறது. அத்தனை நாள் அவனுக்கு இருந்ததற்குப் பெயர் என்ன? கவனம் இல்லையா?

பிப்ரவரி 27, புதன்

வருகிறேன் என்று ஆலைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். கையெழுத்தையும் அங்கே வந்தே போடுகிறேன் என்றேன். விஜயராகவனுக்கு ரொம்பச் சந்தோஷம். அழைப்பிதழ் வாங்க நேரிலேயே போனேன்.

வாசலில், எல்லோரும் கார்டு தட்டி உள்ளே போகிற இடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே சிவப்புத் துணி. துணிமேல் ஒரு ஹெல்மெட், ஒரு பக்கம் நசுங்கியது. பின்னால் அவருடைய படம், அடையாள அட்டையிலிருந்து பெரிசு பண்ணியது. கீழே பலகை: "ஒரு நொடி கவனக்குறைவு. ஒரு குடும்பத்தின் கண்ணீர்." முன்னால் யாரோ ஒரு முழம் பூ வைத்திருந்தார்கள்.

காவலாளி சொன்னார், "உள்ள போறவங்க எல்லாம் ஒரு நிமிஷம் நின்னு கும்பிட்டுட்டுப் போறாங்கம்மா."

நானும் நின்றேன். கண்ணாடியில் கையை வைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன். ஹெல்மெட் மஞ்சள்.

அந்த ஆலையில் பெர்மனென்ட் ஆட்களுக்கு மஞ்சள் ஹெல்மெட். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நீலம். கேன்டீனில்கூட மஞ்சளுக்குத் தனி வரிசை. ஒவ்வொரு ஜனவரியும் பெர்மனென்ட் பட்டியல் வரும்போது, "இந்த வருஷம் மஞ்சள் ஆயிடும் சுந்தரி" என்பார். பதினான்கு ஜனவரி. அவர் விழுந்தபோது தலையில் இருந்த நீல ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துபோனது. ஆரோக்கியசாமிதான் பொறுக்கி எடுத்தானாம், அது என்ன ஆனது என்று அவனுக்குத் தெரியாது. இவர்கள் ஸ்டோரிலிருந்து ஒரு மஞ்சளை எடுத்துச் சுத்தியால் தட்டி நசுக்கி, சிவப்புத் துணியில் வைத்து, என் புருஷனுடையது என்கிறார்கள். ஊரே அதைக் கும்பிடுகிறது. நானும் கும்பிட்டேன்.

உயிரோடு இருந்தவனுக்குக் கொடுக்காததைச் செத்தவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் பாடம் நடத்த.

காவலாளி தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 2, சனி

இதுவரைக்கும் எழுதாத ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. டைரியிடமும் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தகடு போன விஷயம் எனக்கு முன்பே தெரியும்.

டிசம்பர் 3, திங்கள்கிழமை. மனுநீதி நாள் என்பதால் கடையில் கூட்டம். அவருக்கு இரண்டாம் ஷிப்ட். போகிற வழியில் வந்தார். மதியின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் அவரே எழுதியிருந்தார். "இதைக் கொஞ்சம் நல்லா அடிச்சுக் குடு. உன் பாஷையில. தொழிற்சாலையெல்லாம் செக் பண்ற கவர்மென்ட் ஆபீசருக்கு அனுப்பணும்" என்றார்.

படித்தேன். எனக்குப் பயம் வந்தது. "ஜனவரியில லிஸ்ட் வருது. இப்பப் போயி மனு குடுப்பீங்களா? மொத வேலையா உங்க பேரை அடிச்சுருவாங்க. ஒரு மாசம் பொறுங்க. அதுவரைக்கும் பார்த்துப் போங்க. கவனமா இருங்க."

"சரி. நீ சொன்னா சரி" என்றார்.

தாளை என் மேசை டிராயரில் வைத்தேன். பிறகும் இரண்டு தடவை கேட்டார். ஒருதடவை, நாளைக்கு என்றேன். இன்னொரு தடவை பதிலே சொல்லவில்லை. இந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்கு மனு அடித்துக் கொடுத்தவள் நான். அவருக்கு அடித்துக் கொடுக்கவில்லை.

இன்று கடைக்குப் போய் டிராயரைத் திறந்து எடுத்தேன். ரஹமத் அக்காவிடம் கொடுத்தேன். படித்தாள். தேதியைப் பார்த்தாள். "யா அல்லா" என்றாள் மெதுவாக. "இதை வெளிய காட்டினா உன்னையும்தான் கேப்பாங்க சுந்தரி. ஏன் குடுக்கலன்னு கேப்பாங்க" என்றாள்.

"கேக்கட்டும்."

வீட்டுக்கு வந்து மதியிடமும் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பா கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை இங்கே எழுத எனக்குச் சொல் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

மதி காலையில் வந்து, "அதை நீ அடிக்காத. அப்பா எழுதினபடியே படி" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

மார்ச் 4, திங்கள்

பந்தலில் முந்நூறு பேர் இருக்கும். முன்வரிசை மஞ்சள், பின்னால் நீலம். கொடி ஏற்றினார்கள். உறுதிமொழி வாசித்தார்கள். என்னைக் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். சால்வை போட்டார்கள், போட்டுக்கொண்டேன். விஜயராகவன் என்னைப் பற்றிப் பேசினார். துக்கத்திலும் துணிச்சல் உள்ள பெண்மணி என்றார். பிறகு மைக்கை என் கையில் கொடுத்தார்.

மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன்.

"இது டிசம்பர் மூணாம் தேதி என் வீட்டுக்காரர் எழுதினது. அவர் எழுத்துலயே படிக்கிறேன்" என்றேன்.

"ஐயா. மூணாம் நம்பர் கன்வேயர் மேல நடக்கிற வழியில ஒரு தகடு இல்லை. பலகை போட்டு வச்சிருக்கு. பலகை மழையில ஊறிப் போச்சு. அந்த எடத்துல பெல்ட்டு மாட்ட கம்பி இல்லை. மூணு தடவை சூப்பர்வைசர்கிட்ட வாயால சொல்லியாச்சு. நாங்க எட்டு பேர் அது மேல போறோம். எட்டு பேருக்கும் வீட்டுல ஆள் இருக்கு. சீக்கிரம் சரி பண்ணிக் குடுக்கணும். இப்படிக்கு கலியமூர்த்தி, ஃபிட்டர்."

படிக்கும்போதுதான் தெரிந்தது. அதில் பணிவுடன் இல்லை, தாழ்மையுடன் இல்லை, கருணை கூர்ந்து இல்லை. நான் அடித்திருந்தால் அதையெல்லாம் சேர்த்திருப்பேன்.

விஜயராகவன் எழுந்து வந்தார். "அம்மா ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க" என்று மைக்கைப் பிடித்தார்.

"இது உணர்ச்சி இல்ல சார். தேதி போட்ட காகிதம்" என்றேன். விடவில்லை. "அவருக்குக் கவனம் இல்லன்னு போலீஸ்ல சொன்னது நான்தான். சட்டைப் பொத்தானைப் பத்திச் சொன்னேன். இவங்க அதை எடுத்து வாசல்ல எழுதி வச்சிருக்காங்க. இந்த மனுவை அடிச்சுக் குடுக்காம வச்சிருந்ததும் நான்தான். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா அந்தப் பெட்டியில இருக்கிறது அவரோடது இல்ல. அவருக்கு நீங்க குடுத்தது நீலம். மஞ்சளை எடுத்துடுங்க. நாலாம் நம்பர்ல ரெண்டு தகடு இல்ல, அதை இன்னிக்கே போடுங்க. எனக்கு உங்க வேலை வேண்டாம்."

சால்வையை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். யாரும் கை தட்டவில்லை. கிரஷர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் நீல வரிசையைத் தாண்டிப் போகும்போது, முன்பின் பார்த்திராத ஒருவர், மீசை நரைத்தவர், உட்கார்ந்தபடியே சொன்னார்.

"பதினோரு பேரும்மா. எட்டு இல்ல. ராத்திரி ஷிப்ட்டை விட்டுட்டாரு."

பக்கத்தில் இருந்தவர், "ஆமா, பதினொண்ணு" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

காய்ச்சல். படுத்தே கிடந்தேன். மதி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். உப்பே இல்லை. குடித்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

மனுவின் நகலையும் என் மறுவாக்குமூலத்தையும் போன வாரமே தொழிற்சாலை ஆய்வு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். விசாரணைக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்த மீசைக்காரரும் இன்னும் மூன்று பேரும் சாட்சி சொல்லப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆரோக்கியசாமி பெயர் கொடுக்கவில்லை. கடைக்கு வந்து, "மன்னிச்சுக்குங்க அண்ணி, ரெண்டு புள்ளைங்க" என்று நின்றான். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. ஆனால் போன மாதம் வந்த மாதிரி இல்லை. "நாலாம் நம்பர்ல தகடு போட்டாங்களா?" என்று கேட்டேன். போட்டுவிட்டார்களாம், அன்றைக்குச் சாயங்காலமே. "அப்ப போ. சாப்பிட்டுட்டு வேலைக்குப் போ" என்றேன்.

கண்ணாடிப் பெட்டியை எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் இப்போது பூந்தொட்டி.

மார்ச் 19, செவ்வாய்

விசாரணை. பழைய கட்டடத்தில் மாடி அறை. அதிகாரி திருச்சியிலிருந்து வந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். நிர்வாகத் தரப்பில் ஒரு வக்கீல். எனக்கு யாருமில்லை. ரஹமத் அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மதி தேர்வு எழுதிவிட்டு நேரே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு பேரின் சாட்சியத்தையும் படித்தார். பிறகு அந்த வக்கீல் என்னைக் கேட்டார்.

"டிசம்பர் மூணுலேருந்து ஜனவரி ஒன்பது வரை முப்பத்தேழு நாள். மனு உங்ககிட்டதான் இருந்துச்சு. நீங்க தொழில்முறையா மனு எழுதுறவங்க. ஏன் அனுப்பல? அதுவும் கவனக்குறைவுதானே?"

பதில் தயாராக வைத்திருந்தேன். பதினைந்து நாள் யோசித்த பதில். அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாம் மறந்துவிட்டது.

"இல்ல சார். கவனமெல்லாம் நிறைய இருந்துச்சு. எனக்கும் இருந்துச்சு, அவருக்கும் இருந்துச்சு, மேல போன பதினோரு பேருக்கும் இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் கவனமாத்தான் இருந்தோம். பயந்தோம் சார். சொன்னா வேலை போயிடும்னு அவங்க பயந்தாங்க. லிஸ்ட்ல பேரு போயிடும்னு நான் பயந்தேன். அந்தப் பயத்துலதான் அவர் செத்தாரு."

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். "மனுதாரர் அப்போதைய சூழ்நிலை காரணமாக" என்று எழுதியிருந்தார். அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஆயிரம் தடவை அடித்திருக்கிறேன்.

"சார், சூழ்நிலைன்னு நான் சொல்லல. பயம்னு சொன்னேன்."

"அர்த்தம் ஒண்ணுதானேம்மா. இதுல பயம்னெல்லாம் எழுதுற வழக்கமில்ல."

"ஒண்ணு இல்ல சார். சூழ்நிலைன்னா யாருமே பண்ணல. பயம்னா பயந்தவங்க இருக்காங்க, பயமுறுத்தினவங்களும் இருக்காங்க."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். எழுதியதை ஒரே கோடாக அடித்துவிட்டு, ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, மேலே எழுதினார்.

வாசித்துக் காட்டச் சொன்னேன். முழுவதையும் வாசித்தார். நான் சொன்னதுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.